லோடு இல்லாமல் ஓடிய மீட்டர்

என் ரத்தத்தில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது இருந்தது.

எது என்றுதானே கேட்கிறீர்கள்? தைராய்டு ஆன்டிபாடி. முப்பத்தைந்துக்குள் இருந்தால் ஒன்றுமில்லை. நூற்றைத் தாண்டினால் சட்டப்படி நீங்கள் வலி உள்ளவர். நான் நூற்றைத் தாண்டவில்லை, நூற்றின் தலைமேல் ஏறி நின்று நடனமாடியிருந்தேன்.

"இந்த வருசம் ஈரோடு மாவட்டத்துலயே உங்களுதுதானுங்க ஐயா ஜாஸ்தி" என்றாள் ரிப்போர்ட் கொண்டுவந்த சுகாதார நிலையத்துப் பெண்.

மாவட்டம் என்றுதான் அவள் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான் அதை மாநிலமாக்கினேன். சாயங்காலம் தெருமுனை பேக்கரியில் டீ குடிக்கும்போது தென்னிந்தியா ஆகியிருந்தது. பேக்கரிக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். வடை வேறு கொடுத்தார்.

என் மனைவி மோனிஷாவுக்கு ஒன்பது.

அவள்தான் மனுப் போட்டவள். அறுபத்து மூன்று வயதில் பதினோரு வருடமாக உடம்பெல்லாம் வலி. கழுத்து, தோள், இடுப்பு, விரல் கணு என்று ஓர் இடம் பாக்கியில்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை. எடுத்த படங்களை ஒட்டினால் எங்கள் வீட்டுக்குள் ஒரு சுவரும் வெறுமையாக இருக்காது. எல்லாவற்றிலும் 'நார்மல்'. ஒருத்தர் மனதை ரிலாக்ஸாக வைத்துக்கொள்ளச் சொன்னார், ஒருத்தர் நடக்கச் சொன்னார், இன்னொருத்தர் நடக்காதே என்றார். இந்த நிலையில்தான் ஓய்வூசி வந்தது. ஒரு முறை போட்டால் ஒரு வருடத்துக்கு நாள்பட்ட வலியை நரம்பு மறந்துவிடும். மருந்து கொஞ்சம், கேட்பவர்கள் கோடி. எனவே 2068-இல் அரசாங்கம் ஒரு விதி போட்டது: வீட்டுக்கு ஓர் ஊசி, வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் ரத்தம் கொடுக்க வேண்டும், யாருக்கு ஆன்டிபாடி அதிகமோ அவருக்கு.

அப்படியாக, மோனிஷா கேட்ட ஊசி எனக்குக் கிடைத்தது.

"வாழ்த்துக்கள்" என்றாள் அவள். அடுப்படியில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். மேல் டம்ளருக்கும் கீழ் டம்ளருக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு அருவி மாதிரி இறங்கும் அவள் கைக் காபி. நான் மூன்றடி என்று சொல்வது வழக்கம்.

"மோனி, இது என் தப்பா? மீட்டர் காட்டுது."

"தப்புன்னு சொன்னனுங்களா? உங்களுக்கு எங்க வலிக்குது, அத மட்டும் சொல்லுங்க."

"முழங்கால்."

"எந்த முழங்கால்?"

யோசித்தேன். "இடது."

"போன பொங்கலுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டப்ப வலது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. ரிட்டயர் ஆன நாள் முதல் என் முழங்காலை ஒரு சொத்து மாதிரி வைத்துப் பராமரித்து வந்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டுமா, முழங்கால். மச்சான் வீட்டு விசேஷமா, முழங்கால். தேவைப்பட்டால் முனகுவேன், இன்னும் தேவைப்பட்டால் சுவரைப் பிடிப்பேன். வலி உள்ளவள் வேலை செய்துகொண்டிருந்தாள், வலி இல்லாதவன் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது.

அவள் சொன்ன வலியை நான் நம்பினேனா? நம்பினேன் என்று எழுதக் கை வரவில்லை. மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் மீட்டர் சோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். ஜனங்கள் வந்து கத்துவார்கள், அழுவார்கள், நான் முள்ளைப் பார்ப்பேன், எண்ணைப் பார்ப்பேன். "மீட்டர் பொய் சொல்லாதுங்க" என்பேன். பதினோரு வருடமாக அதையேதான் அவளிடமும் சொன்னேன், ஒவ்வொரு 'நார்மல்' வரும்போதும்.

*

ஊசி போட டாக்டர் கையெழுத்து வேண்டும். பெருந்துறை சாலையில் டாக்டர் மகிழினியிடம் போனோம். முப்பது வயதுகூட இருக்காது. என் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ஐயா, களைப்பு இருக்கா? குளிர் தாங்க முடியலையா? உடம்பு எடை ஏறுச்சா?"

"எல்லாமே இருக்கு டாக்டர். களைப்புன்னா அப்படி ஒரு களைப்பு. போன வாரம் ஒரு முறுக்கக் கடிக்க முடியல."

"அது பல்லு" என்றாள் மோனிஷா.

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க தைராய்டு நல்லா வேலை செய்யுது. ஆன்டிபாடி மட்டும் மலை மாதிரி நிக்குது. அப்படியும் சிலருக்கு இருக்கும். ஆனா உங்களப் பாத்தா... என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு. வேற ஒண்ணும் இல்ல."

"முடி மாத்திரையச் சொல்லுங்க" என்றாள் மோனிஷா.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒரு நிமிடம் நின்றது என்று சொல்வேன், நீங்கள் நம்பும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரையை என் பழைய கருவிப் பெட்டிக்குள், டெஸ்டருக்குக் கீழே, இன்சுலேஷன் டேப் சுருளின் நடுவில் வைத்திருந்தேன். ராணுவ ரகசியம்கூட அவ்வளவு பத்திரமாக இருக்காது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருசமா அந்தப் பெட்டியத் தூசி தட்டறவ யாருங்க? மூணு முடி முளைச்சிருக்கு டாக்டர். மூணுக்கும் பேர் வெச்சிருக்கேன்."

டாக்டர் இப்போது சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "அந்த மாத்திரை பயோட்டின்ங்கற வைட்டமின். அளவு ரொம்ப ஜாஸ்தியா இருக்கும். ஐயா, ரத்தத்துல இருக்கற பயோட்டின் டெஸ்ட் பண்ற மருந்தோட குறுக்க போய் ஒட்டிக்கும். நம்ம மாவட்டத்துல இருக்கற மெஷின் வகைக்கு, ஆன்டிபாடி இல்லாமயே ஏராளமா இருக்கற மாதிரி தெரியும். பத்து நாள் அத நிறுத்துங்க. மறுபடி ரத்தம் எடுப்போம்."

"அப்ப என் தென்னிந்திய சாதனை?"

"முடி வளர்க்கற மாத்திரையோட சாதனை."

பத்து நாள் நிறுத்தினேன். மூன்று முடியில் இரண்டு உதிர்ந்தன. என் ஆன்டிபாடி பதினொன்றுக்கு இறங்கி உட்கார்ந்தது.

அந்த எண்ணை டாக்டர் படித்தபோது மோனிஷாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். நான் விலகிவிட்டேன், இனி வரிசையில் அவள்தானே? ஆனால் அவள் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகுதான் எனக்கும் உறைத்தது. எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஒன்பது. சட்டத்தின் கண்ணுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்று. ஒருத்தருக்கும் வலி இல்லை.

"டாக்டர், இது என்ன அநியாயம்? இவளுக்கு வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க ஐயா. இது பரவு வலி. நரம்பு எல்லாத்தையும் பெருசு பண்ணிக் கேக்கற வியாதி. அதுக்கு ரத்தத்துல எண் கிடையாது."

"அப்புறம் எதுக்கு இந்த ஆன்டிபாடிய எடுக்கறாங்க?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உடம்பு தன் தைராய்டையே எதிரின்னு நெனச்சுப் படை திரட்டி வெச்சிருக்கான்னு இந்த டெஸ்ட் சொல்லும். நாளைக்குத் தைராய்டு சோர்ந்து போகலாம், பாத்துக்கங்கன்னு எச்சரிக்கும். அவ்வளவுதான். எவ்வளவு வலிக்குதுன்னு சொல்லாது. நாள்பட்ட வலி இருக்கறவங்கள்ல இது கொஞ்சம் அதிகம் பேருக்கு இருக்குன்னு பழைய ஆராய்ச்சி இருக்கு. அதத் திருப்பிப் போட்டுட்டாங்க. இது இல்லாதவங்களுக்கு வலி இல்லன்னு. மழைக்காலத்துல குடை ஜாஸ்தி தெரியும். அதுக்காகக் குடை இல்லாதவன் நனையலன்னு சொல்லலாமா?"

மீட்டர்க் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த வாரத்திலேயே கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு மீட்டரை நம்புவதற்கு முன்னால் எல்லா லோடையும் கழற்றிவிடு. விளக்கு, மோட்டார் எதுவும் இருக்கக் கூடாது. அப்போதும் மீட்டர் ஓடினால் அதைத் தூக்கிக் குப்பையில் போடு. வாழ்க்கையில் பத்து லட்சம் மீட்டரை அப்படிப் பார்த்தவன் நான். சரி, எண்பதாயிரம். வீட்டில் லோடே இல்லாத ஒரு கிழவன் மேல் ஒரு மீட்டர் ஆயிரத்து முந்நூற்று நாற்பது ஓடியது. அப்போதே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நான் பேக்கரியில் வடை வாங்கித் தின்றேன்.

"மேல்முறையீடு இருக்கு. சாட்சி நாற்காலி" என்றார் டாக்டர். சொன்னவர் மோனிஷாவையே பார்த்தார். "ஆனா அம்மா, தோத்துட்டா உங்க பேரு 'வலி இல்லாதவர்' பதிவேட்டுல ஏறிடும். அப்புறம் ஆயுசுக்கும் மனுப் போட முடியாது. நானே நெனச்சாலும் காய்ச்சல் மாத்திரைக்கு மேல எதுவும் எழுதித் தர முடியாது."

மோனிஷா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாட்சி யாரு உக்காரணும்?" என்றாள்.

"ஒரே வீட்டுல இருக்கறவங்க. வேற யாரும் கூடாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எறும்பு கடித்தால் யானை மிதித்தது என்று சொல்லிப் பழகிய என்னை.

*

ஏற்பாடு இப்படி. வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு மேல்முறையீட்டு மையத்திலிருந்து ஒருவர் வந்து மோனிஷாவின் கழுத்தில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். நாள் முழுக்க நரம்பில் ஓடுவதை அது பதிவு செய்யும். அதிலிருந்து ஏதோ மூன்று நிமிடத்தை மெஷின் தானே குலுக்கிப் போட்டு எடுக்கும். அந்த மூன்று நிமிடத்தைச் சாட்சியின் உடம்பில் திருப்பி ஓட்டுவார்கள்.

"மெஷின்லதான் பதிவாயிடுச்சே, அதப் பாத்தே எவ்வளவு வலின்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"என்ன ஓடுதுன்னு தெரியுமுங்க. எவ்வளவு வலிக்குதுன்னு அதுக்குத் தெரியாது" என்றார் பட்டை கட்ட வந்தவர். "அதுக்கு ஒரு உடம்பு வேணும்."

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். மோனிஷா நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டாள்.

"கத்தக் கூடாதுங்க. நீங்க கத்துனா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"கொஞ்சமா முனகலாமா?"

"முனகலும் வேண்டாம். உங்க முனகல் எனக்குத் தெரியும்."

"அப்ப முகத்தச் சுளிச்சுக் காட்டறேன், பார்." காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, கும்பிடுகிறேன், அதுவும் வேண்டாம் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை, வலி மேல்முறையீட்டு மையம் காலை பத்து மணிக்கே நிரம்பியிருந்தது. கையில் சீட்டோடு பெண்கள். பக்கத்தில் கணவர்கள். சீட்டுகளில் அவரவர் ஆன்டிபாடி எண்: ஆறு, பதினான்கு, இருபத்தொன்று. தலைவர் வேள்நம்பி ஐம்பது வயதுக்காரர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம். எங்கள் மனுவைப் படித்துக்கொண்டே பேசினார்.

"தரணிதரன், மீட்டர் சோதகர், ஓய்வு. சம்சாரத்தோட முதல் மனுவுல உங்களுக்கும் முழங்கால் வலின்னு எழுதியிருக்கீங்க. இந்த மனுவுல அது பொய்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. நடிச்சேன்."

"எத்தனை நாளா?"

"ஏழு வருசமுங்க. நல்லாவே நடிச்சேன்." பெருமை எட்டிப் பார்த்துவிட்டது. பின்னாலிருந்து மோனிஷா இருமினாள்.

"அப்ப உங்க சாட்சிய நான் எப்படி நம்பறது? இந்த நாற்காலியில உக்காந்து பொண்டாட்டிக்காகக் கத்துன ஆளுங்கள நூறு பேரப் பாத்திருக்கேன்."

"நம்ப வேண்டாமுங்க" என்றேன். "என் வாயக் கேக்காதீங்க. எங்க கூடத்துல மீட்டர்கிட்ட அபிப்பிராயம் கேக்க மாட்டோம். முதல்ல லோடு இல்லாம ஓட்டுவோம், அப்புறம் லோடு போட்டு ஓட்டுவோம். வித்தியாசத்தப் பாப்போம். உங்க மேசையில டீ இருக்கு. இன்னொரு டம்ளர் குடுங்க. முதல்ல சும்மா ஆத்திக் காட்டறேன். அப்புறம் அந்த மூணு நிமிசத்த ஓட்டுங்க, ஆத்தறேன். கை சொல்லட்டும்."

வேள்நம்பி முதல் முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். டம்ளர் வந்தது.

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிடரியில் குளிர்ச்சியாக எதையோ ஒட்டினார்கள். நிறுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தானைக் கைப்பிடியில் காட்டினார்கள். நான் டீயை ஆற்றினேன். நாலடிக்கு ஆற்றினேன், சத்தியமாக. சரி, ஓரடி. ஒரு சொட்டு சிந்தவில்லை. காத்திருந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள்.

"இப்ப" என்றார் வேள்நம்பி.

முதலில் எதுவும் நடக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு என் சட்டை கனத்தது.

சட்டைதான். பருத்திச் சட்டை. அது தோளின்மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. காலர் கழுத்தில் எங்கே தொடுகிறது, தையல் எங்கே ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வலி என்றால் ஓர் இடத்தில் ஆரம்பித்து ஓர் இடத்தில் முடியும் என்று அறுபத்தைந்து வருடமாக நினைத்திருந்தேன். இதற்கு ஓரமே இல்லை. எங்கே போய் ஒண்டுவது என்று உடம்புக்குள்ளேயே தேடினேன். வலிக்காத இடம் ஒன்று, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, எங்கேயாவது இருக்கும் என்று தேடினேன்.

"ஆத்துங்க" என்றார் யாரோ.

டம்ளரைப் பிடித்தேன். விரல் மடங்குவதற்கு முன்னால் யோசித்தது. தூக்கினேன். மேலே போன கை அங்கே நிற்க மறுத்தது. டீ மேசையில் விழுந்தது, பிறகு என் முழங்காலில் விழுந்தது. இடதா வலதா என்று தெரியவில்லை. சூடும் தெரியவில்லை, அதற்கு அங்கே இடம் இருக்கவில்லை. டம்ளர் தரையில் உருண்டு போன சத்தம் கேட்டது. சிவப்புப் பொத்தான் என் விரலுக்கு அடியிலேயே இருந்தது. அழுத்தவில்லை. வீரத்தால் அல்ல. அழுத்தலாம் என்ற எண்ணம் வந்து சேரவே நேரம் போதவில்லை.

நின்றது.

பிடரியில் ஒட்டியதை எடுத்தார்கள். மோனிஷா வந்து என் முன்னால் குனிந்து நின்றாள்.

"எப்படி இருந்ததுங்க?" என்று வேள்நம்பி கேட்டார்.

வாயைத் திறந்தேன். அங்கே எதுவும் இல்லை. ஊரிலேயே பெரிய வாய் என்னுடையது. சின்ன விஷயத்தைப் பெரிதாக்க எனக்கு ஆயிரம் சொல் தெரியும். இதைச் சின்னதாக்கிச் சொல்லக்கூட ஒரு சொல் அகப்படவில்லை.

"ஏனுங்க, ஏதாவது பேசுங்க" என்றாள் மோனிஷா. "பயமா இருக்கு, கொஞ்சம் கத்தவாவது கத்துங்க."

முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னைப் பேசச் சொன்னது அதுவே முதல் தடவை.

வேள்நம்பி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "எந்திரிங்க" என்றார் என்னிடம். ஊழியரைப் பார்த்து, "அதே மூணு நிமிசத்த எனக்கு ஒருக்கா போடுங்க" என்றார்.

"சார், விதியில..."

"போடுங்க."

ஏழு வருடமாக அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் முதல் முறையாக அதில் உட்கார்ந்தார். நாற்பதாவது நொடியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அழுத்திய பிறகும் விரலை எடுக்கவில்லை.

வரிசையில் கையில் 'ஆறு' வைத்திருந்த ஒரு பெண் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் உக்காருவீங்கதானே?" அந்த ஆள் விட்டத்தைப் பார்த்தான். முன்வரிசையில் இருந்த ஐந்து கணவர்களில் மூன்று பேருக்கு வண்டியைச் சரியாக நிறுத்தினோமா என்ற கவலை ஒரே நேரத்தில் வந்து, வெளியே போய்விட்டார்கள். இதில் நான் எதையும் கூட்டவில்லை. மூன்று பேர்.

வேள்நம்பி தண்ணீர் குடித்தார். இஸ்திரி கலைந்திருந்தது. "இது எந்த நேரத்துப் பதிவு?" என்றார்.

ஊழியர் திரையைப் பார்த்தார். "வியாழக்கிழமை, காலை ஆறு நாப்பதுல இருந்து ஆறு நாப்பத்து மூணு வரைக்கும் சார்."

"அம்மா, அந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க? கீழ விழுந்துட்டீங்களா?"

மோனிஷா யோசித்தாள். எனக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வியாழக்கிழமை ஆறு நாற்பதுக்கு நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, என் தலையில் மிச்சமிருந்த ஒற்றை முடியைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இவருக்குக் காபி ஆத்திட்டு இருந்தேனுங்க" என்றாள்.

"சிந்துச்சா?"

"இல்லீங்களே. எதுக்குச் சிந்தணும்?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு, மன்னிப்புக் கேட்பது போல் சொன்னாள்: "அன்னிக்குக் கொஞ்சம் நல்ல நாளுங்க. அதான் மெஷின்ல சரியா விழலயோ என்னமோ. வேணும்னா இன்னொரு நாள் எடுக்கறீங்களா?"

வேள்நம்பி அவள் மனுவில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஊழியரைக் கூப்பிட்டு, தான் 'வலி இல்லாதவர்' என்று எழுதிய பழைய கோப்புகளை எடுத்துவரச் சொன்னார். எந்த வருடத்துக் கோப்பு என்று ஊழியர் கேட்டார்.

"எல்லா வருசமும்."

*

ஓய்வூசி வேலை செய்ய மூன்று நாள் ஆகும் என்றார் டாக்டர் மகிழினி. அந்த மூன்று நாளும் நான்தான் காபி போட்டேன். முதல் நாள் பால் பொங்கி எங்கள் தெரு முழுக்க ஓடியது. தொட்டி கழுவினேன். மச்சான் வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தேன். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் காலையில் அடுப்படியில் விளக்கு எரிந்தது. எழுந்து போனேன். மோனிஷா மேடை முன்னால் நின்றிருந்தாள். கையில் டம்ளர். காபி கலந்தாயிற்று, ஆற்றவில்லை. அப்படியே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். யாரோ செத்துப்போன சேதி கேட்டவள் முகம் அது.

"என்னாச்சு மோனி? ஊசி கேக்கலையா? வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

அவள் தோளை லேசாக அசைத்துப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பினாள். யாரோ பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்களா என்று தேடுகிற மாதிரி.

"ஏனுங்க, நீங்க எப்பவுமே இப்படித்தான் இருந்தீங்களா?"

"எப்படி?"

"இப்படி. சும்மா." சொல் தேடினாள். "தெருவுல போறவங்க, பேக்கரிக்காரரு, எங்கண்ணன், எல்லாருமே?"

இருபது பதில் சொல்லியிருக்கலாம். பத்துப் பதினைந்து பொய்யாவது எனக்குத் தயாராகக் கிடைத்திருக்கும்.

"ஆமாம்" என்றேன்.

அவள் டம்ளரை மேடையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். காபி ஆறிப் போய்க்கொண்டிருந்தது. அவள் வைத்தாள், எடுத்தாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரமாக.